நாட்டு வழக்கும் நிரல்மொழி ஆட்சியும்

திறந்த மூல நிரல்மொழி ஒன்றைப் பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கூடி உருவாக்குகின்றனர். அவர்களுக்குள் முதலாளி இல்லை, அரசு இல்லை, பெரும்பாலும் சம்பளமும் இல்லை. இருந்தும் மொழியில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது, ஒழுங்கு மீறியவரை என்ன செய்வது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு, அவரைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பதே ஆட்சிமுறை பற்றிய விவாதம். பைத்தான் மொழிச் சமூகம் 2018-இல் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்துத் தனக்கென ஓர் ஆட்சி விதியை எழுதிக்கொண்டது. மென்பொருள் உலகில் அது முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. அந்தப் புகழுக்கு அது எவ்வளவு தகுதியானது என்பதை மதிப்பிட, மென்பொருளுக்கு வெளியே உள்ள ஓர் எடுத்துக்காட்டு உதவும். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் அத்தகைய ஒன்று உண்டு.

மலையின் நாட்டு வழக்கு

ஏற்காட்டை உள்ளடக்கிய சேர்வராயன் மலைத்தொடரில், சுமார் 5,300 அடி உயரத்தில், குகைக்குள் அமைந்த சேர்வராயன் கோயில் இருக்கிறது. அங்கே சேர்வராயனும் காவிரியம்மனும் வழிபடப்படுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்கு மலையின் ஊர்களிலிருந்து மலையாளி மக்கள் திரள்வர். மலையாளி என்ற சொல் இங்கே கேரளத்தவரைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயர், தமிழ் பேசும் ஒரு பழங்குடி மக்களைக் குறிக்கிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் தொன்மம்.

சேர்வராயன் மலையின் ஊர்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்ற மூன்று நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்ததை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் குறிக்கின்றன. ஊருக்கு ஒரு தலைவர், நாட்டுக்கு ஒரு பட்டக்காரர் என்று பொறுப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. திருமணம், மணமுறிவு, நிலத் தகராறு, திருவிழா நடத்துதல் ஆகியவை முதலில் ஊரில் பேசப்பட்டன. அங்கே தீராதவை நாட்டுக்குச் சென்றன. குற்றத்துக்குத் தண்டமும், வழக்கை மீறியவருக்கு விலக்கமும் உண்டு. இவை எதுவும் ஏட்டில் எழுதி வைத்த சட்டமல்ல. மூத்தவர்களின் நினைவே ஆவணம்.

இந்த முறைக்கு ஒரு வலிமை இருந்தது. தீர்ப்பு சொல்பவர் அதே மலையில், அதே மக்களிடையே வாழ்ந்தார். தவறான தீர்ப்பின் விளைவை மறுநாள் காலையே அவர் கண்ணால் பார்க்க நேர்ந்தது. அதே முறைக்கு ஒரு குறையும் இருந்தது. தலைமை ஆண்வழிப் பரம்பரையில் வந்தது. பெண்கள் அதன் தீர்ப்புகளுக்கு உட்பட்டனர். தீர்ப்பு சொல்லும் இடத்தில் அவர்கள் அமரவில்லை. நல்ல பட்டக்காரர் வாய்த்தால் நீதி கிடைத்தது. வாய்க்காவிட்டால் அவரை மாற்றும் வழி தெளிவாக இல்லை.

ஒருவர் சொல்லே முடிவு

நவீனமான மென்பொருள் சமூகங்கள் இந்த நிலையைக் கடந்து வந்தவை என்று எண்ணத் தோன்றும். பைத்தானின் வரலாறு அதை மறுக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழி, 2018 வரை 27 ஆண்டுகள் அவருடைய இறுதித் தீர்ப்பின்கீழ் வளர்ந்தது. ‘ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்று அவருக்கு நண்பர்கள் வைத்த பட்டம் 1995-இல் வேடிக்கையாகத் தொடங்கியது. நாளடைவில் அதுவே உண்மையான பதவியாயிற்று.

கருத்துச் சொல்ல ஒரு முறை இருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல், மொழியில் பெரிய மாற்றம் வேண்டுபவர் ‘பெப்’ எனப்படும் முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும் என்ற வழக்கம் வந்தது. மாற்றத்தின் தேவை, வடிவம், மறுப்புகள் ஆகியவை அதில் பதிவாகும். ஆகவே விவாதம் எழுத்தில் நடந்தது. முடிவு மட்டும் ஒருவருடையது. அவர் பட்டக்காரரைப் போலவே அந்தச் சமூகத்துக்குள் வாழ்ந்தவர், உழைத்தவர், மதிக்கப்பட்டவர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரை நீக்கும் முறையும் இல்லை.

இந்தக் காலத்தின் ஒரு முடிவு தமிழருக்கு நேரடியாகப் பயன்பட்டது. மாறிகளுக்கும் சார்புகளுக்கும் ஆங்கில எழுத்தில் மட்டுமே பெயர் வைக்கலாம் என்ற பழைய விதியைத் தளர்த்தி, உலக எழுத்துகளில் பெயர் வைக்க அனுமதிக்கும் 3131-ஆம் முன்மொழிவு 2007-இல் ஏற்கப்பட்டது. வேறு வேறு எழுத்துகளில் எழுதிய நிரலை மற்றவர் படிக்க முடியாமல் போகும், உருவத்தில் ஒத்த எழுத்துகள் குழப்பும் என்ற எதிர்ப்புகள் அப்போது எழுந்தன. அவற்றை மீறி மாற்றம் வந்தது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 முதல், ‘மொத்தம்’ என்ற பெயரிலேயே ஒரு மாறியை வைத்து நிரல் எழுத ஒரு தமிழ் மாணவரால் முடிகிறது.

இது நல்ல முடிவுதான். ஆனால் தமிழ் மாணவர் அதைக் கேட்டுப் பெறவில்லை. நல்லெண்ணம் கொண்ட ஒருவர் தலைமையில் இருந்ததால் அது வந்தது. பைத்தானோடு வரும் அடிப்படை நூலகத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற நடை விதியும் அதே காலத்தில் நிலைபெற்றது. ஒன்று வரமாகக் கிடைத்தது, மற்றொன்று வரம்பாக வந்தது. இரண்டிலும் அவரால் பங்கேற்க முடியவில்லை.

2018-இல் நேர்ந்த முறிவு

2018 ஜூலையில், கோவைக்குள்ளேயே மதிப்பை மாறிக்கு வழங்கும் ஒரு புதிய குறியீட்டை, அதாவது முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து எழுதும் முறையை, வான் ரோசம் ஏற்றுக்கொண்டார். 572-ஆம் முன்மொழிவாக வந்த அது நீண்ட, கசப்பான விவாதத்தை எழுப்பியிருந்தது. ஒரு சிறு குறியீட்டுக்காக இவ்வளவு போராட வேண்டியிருந்ததிலும், தம் முடிவைப் பலர் வெறுத்ததிலும் சோர்ந்த அவர், ஜூலை 12 அன்று தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். வாரிசாக எவரையும் அவர் நியமிக்கவில்லை. மக்களாட்சியா, சர்வாதிகாரமா, கூட்டாட்சியா, உங்களை நீங்கள் எப்படி ஆளப்போகிறீர்கள் என்று உடன் உழைத்தவர்களிடமே கேட்டுவிட்டுச் சென்றார்.

அடுத்த சில மாதங்களில் ஏழு ஆட்சி முன்மொழிவுகள் எழுதப்பட்டன. மீண்டும் ஒருவரே தலைவர் என்பது முதல், தலைவரே இல்லாமல் சமூக வாக்களிப்பால் முடிவெடுப்பது வரை அவை விரிந்தன. மொழியைப் பேணும் மையக் குழுவினர் வாக்களித்ததில், 2018 டிசம்பரில் 8016-ஆம் முன்மொழிவு வென்றது. அதன்படி அமைந்த ஐவர் கொண்ட வழிநடத்துக் குழு 2019 பிப்ரவரியில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த ஐவருள் வான் ரோசமும் ஒருவர். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிடாமல் விலகிக்கொண்டார்.

27 ஆண்டுகள் இயங்கிய சமூகம், தலைவர் எழுந்து போன பிறகே விதி எழுதத் தொடங்கியது என்பது கவனிக்க வேண்டியது. முன்பே எழுதியிருந்தால் அந்தக் கசப்பில் ஒரு பகுதியேனும் தவிர்ந்திருக்கலாம். இறுதித் தீர்ப்பு ஒருவருடையதாக இருக்கும்போது, அதன்மேல் எழும் சினமும் அந்த ஒருவர்மேலேயே விழுகிறது. வழக்கத்தை நம்பி ஆளும் முறை, ஆளப்படுபவரை மட்டுமன்றி ஆள்பவரையும் வருத்துகிறது.

எழுதிய விதியின் நிறைகள்

பைத்தானின் புதிய ஆட்சி விதி சுருக்கமானது. அதன் மூன்று ஏற்பாடுகள் பாராட்டத்தக்கவை.

முதலாவது, ஐவர் குழுவில் ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் தம் ஊழியர்களைத் திறந்த மூலப் பணிக்கு அனுப்பும் காலத்தில், எந்த நிறுவனமும் மொழியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடாமல் இது தடுக்கிறது.

இரண்டாவது, குழுவைத் திரும்பப் பெறலாம். மையக் குழுவில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் ஓர் உறுப்பினரையோ முழுக் குழுவையோ நீக்க முடியும். ஆட்சி விதியைத் திருத்தவும் அதே பெரும்பான்மை வேண்டும். மலையின் நாட்டு வழக்கில் இல்லாததும், பைத்தானின் முதல் 27 ஆண்டுகளில் இல்லாததும் இதுவே.

மூன்றாவது, குழு தன் அதிகாரத்தை இயன்றவரை குறைவாகவே பயன்படுத்த வேண்டும் என்று விதியே கூறுகிறது. முதலில் இணக்கம் தேட வேண்டும், தனித்தனி முன்மொழிவுகளை அவற்றில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்கலாம், வேறு வழியில்லாதபோதே தீர்ப்பு சொல்ல வேண்டும். ஊரில் தீராதது மட்டும் நாட்டுக்குப் போகும் மலை வழக்கின் நல்ல பகுதி இங்கே எழுத்துக்கு வந்திருக்கிறது எனலாம்.

இத்தகைய ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரஸ்ட் மொழிச் சமூகம் சான்று. 2021 நவம்பரில் அதன் நெறியாளர் குழு முழுவதும் ஒரே நாளில் பதவி விலகியது. மைய அணி தன்னைத் தவிர வேறு எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத இடத்தில் இருக்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. பிறர்மேல் ஒழுங்கு விதியைச் செயல்படுத்த முடிந்த நெறியாளர்களால் மைய அணிமேல் அதைச் செயல்படுத்த முடியவில்லை. 2023-இல் அந்தச் சமூகமும், பல அணிகளின் பிரதிநிதிகள் அமரும் ஒரு தலைமை அவையை எழுத்து விதியோடு அமைத்துக்கொண்டது.

குரல் இல்லாதவர் யார்

பைத்தான் விதியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. வழிநடத்துக் குழுவுக்கு வாக்களிப்பவர்கள் மையக் குழுவினர் மட்டுமே. போட்டியிட விரும்புபவரை முன்மொழிய வேண்டியவரும் மையக் குழுவினரே. மையக் குழுவில் புதிதாகச் சேரவும் அக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், வழிநடத்துக் குழு அதைத் தடுக்கவும் முடியும். வெளியில் இருப்பவர் முன்மொழிவு எழுதலாம். ஆனால் பெரும்பாலும் மையக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றால்தான் அது முறைப்படி பரிசீலனைக்கு வரும். பைத்தானை நாள்தோறும் பயன்படுத்தும் ஆசிரியர்கள், மாணவர்கள், ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வட்டத்துக்கு வெளியே இருக்கின்றனர்.

இதற்கு நியாயமான விடை ஒன்று உண்டு. உழைப்பவரே முடிவெடுக்க வேண்டும், பிழை வந்தால் நள்ளிரவில் விழித்துத் திருத்துபவர் அவர்தாம், வெறும் பயனருக்கு வாக்கு கொடுத்தால் பொறுப்பில்லாத கோரிக்கைகள் பெருகும் என்பது அது. 2001-இல் தொடங்கப்பட்ட பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையில் மையக் குழுவுக்கு வெளியே உள்ளவர்களும் உறுப்பினராகி இயக்குநர்களுக்கு வாக்களிக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் அறக்கட்டளை பார்ப்பது பணம், வணிகப் பெயர், மாநாடுகள். மொழி எப்படி இருக்க வேண்டும் என்பது அதன் வேலை அல்ல.

உழைப்பவருக்கே முடிவு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் யார் உழைக்க முடிகிறது என்ற கேள்வியை அது தாண்டிச் செல்கிறது. ஓய்வு நேரம், நல்ல இணையம், சரளமான ஆங்கிலம், விவாதத்தில் சளைக்காத மனம் ஆகிய நான்கும் இருப்பவரே மையக் குழு வரை வந்துசேர முடிகிறது. பிறப்பால் மூடிய கதவு இங்கே இல்லை என்பது நாட்டு வழக்கைவிடப் பெரிய முன்னேற்றம். ஆனால் மூடாத கதவுக்கு முன்னால் ஏற வேண்டிய படிகள் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இல்லை.

ஒழுங்கு நடவடிக்கையிலும் இதே சிக்கல் எழுந்தது. 2024 ஆகஸ்டில் நீண்டகால மையக் குழு உறுப்பினர் ஒருவர் மூன்று மாதங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார். நடத்தை விதிப் பணிக்குழுவின் பரிந்துரையை வழிநடத்துக் குழு செயல்படுத்தியது. நடவடிக்கை சரியா என்பதைவிட, குற்றமும் விசாரணையும் போதிய அளவு விளக்கப்பட்டனவா, மேல்முறையீட்டுக்கு இடம் உண்டா என்பதே பலர் கேட்ட கேள்வி. தேர்ந்தெடுத்த குழுவிடமும் விலக்கம் என்பது கனமான ஆயுதம்தான்.

பிரிந்து போகும் உரிமை

பிடிக்காதவர் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே போகலாம், அதுதான் திறந்த மூலத்தின் மெய்யான மக்களாட்சி என்று சொல்லப்படுவதுண்டு. உரிமம் அந்த விடுதலையைத் தருவது உண்மை. 2014 டிசம்பரில் நோட் திட்டத்தில் அதிருப்தி கொண்டவர்கள் ஐஓ என்ற பெயரில் பிரிந்தனர். அடுத்த ஆண்டே புதிய ஆட்சி ஏற்பாட்டுடன் இரண்டும் ஒன்றாயின. பிரிவு அங்கே நல்ல பேரம் பேசும் கருவியாக அமைந்தது.

ஆனால் அது பலமானவர்களின் கருவி. பிரிந்து போனவர்கள் அந்தத் திட்டத்தின் முதன்மை உழைப்பாளிகள். மலையாளிகளின் தொன்மத்தில்கூடப் பிரிந்து சென்று சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் தனித்தனியே குடியேறுபவர்கள் அண்ணன் தம்பிமார். மலையில் ஒருவர் விலக்கப்பட்டால் அவரால் ஒரு புது நாட்டை அமைத்துவிட முடியாது. அதுபோலவே, தனியாக ஒரு மாணவர் பைத்தானின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயரையும், பல்லாயிரம் நூலகங்களையும், பாடநூல்களையும், நம்பிக்கையையும் அவரால் எடுத்துச் செல்ல முடியாது. வெளியேறும் உரிமையைக் காட்டி உள்ளே பேசும் உரிமையை மறுப்பது சரியான விடையாகாது.

எழில் போன்ற சிறு மொழிகளுக்கு

இந்த விவாதம் தமிழுக்குத் தொலைவில் உள்ளதன்று. முத்து அண்ணாமலை உருவாக்கி 2013-இல் பொதுவெளியில் விட்ட எழில், தமிழிலேயே நிரல் எழுத உதவும் கட்டற்ற மொழி. ‘பதிப்பி’, ‘நிரல்பாகம்’, ‘முடி’ என அதன் கட்டளைச் சொற்கள் தமிழாகவே இருக்கின்றன. ஆங்கிலம் தடையாக நிற்கும் மாணவருக்கு நிரலாக்கத்தின் அடிப்படையைக் கற்பிப்பது அதன் நோக்கம்.

எழில் பைத்தானில் எழுதப்பட்டது. ஆகவே பைத்தானின் மேலவை எடுக்கும் முடிவு எழிலின் வாசலுக்கும் வந்து சேரும். பைத்தான் 2-க்கான ஆதரவு முதலில் 2015-உடன் முடிவதாக இருந்து, பின்னர் 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டு நின்றது. அந்த மொழியில் இருந்த எல்லா நிரல்களும் பைத்தான் 3-க்கு மாற வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு செலவு. சில தன்னார்வலரின் ஓய்வு நேரத்தில் நடக்கும் திட்டத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. முடிவு தொழில்நுட்ப நோக்கில் சரியானதாகவே இருக்கலாம். அதன் சுமையைத் தாங்குபவருக்குக் கேட்கப்படும் இடம் இருந்ததா என்பது தனிக் கேள்வி.

தமிழ்க் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தம்மையும் இதே அளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். ஒருவரோ சிலரோ தோளில் சுமக்கும் திட்டத்துக்கு ஐவர் குழுவும் தேர்தலும் மிகை. ஆனால் மூன்று செய்திகளை ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது சிறு திட்டத்துக்கும் இயலும். தலைவர் விலகினால் பொறுப்பு யாருக்கு? இணையப் பெயர், மூலநிரல் கிடங்கு, வெளியீட்டு அனுமதி ஆகியவற்றின் திறவுச்சொற்கள் குறைந்தது எந்த இருவரிடம் இருக்கின்றன? ஒரு மாணவரோ ஆசிரியரோ கோரிக்கை வைத்தால் எத்தனை நாளில், யார், எங்கே பதில் சொல்வார்? பைத்தான் 27 ஆண்டுகள் தள்ளிப்போட்டதைத் தமிழ்த் திட்டங்கள் தள்ளிப்போட முடியாது. பெரிய சமூகம் தலைவரை இழந்தால் தேர்தல் நடக்கும். சிறிய சமூகம் தலைவரை இழந்தால் திட்டமே நின்றுபோகும்.

கிராம சபை தரும் அளவுகோல்

சேர்வராயன் மலைக்கு நாட்டு வழக்கோடு வரலாறு முடியவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தின்மேல் மக்களுக்குள்ள உரிமைகளைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்தது. வயது வந்த அனைவரும் அதன் உறுப்பினர். கூட்டத்துக்கு உறுப்பினரில் பாதிப் பேரேனும் வர வேண்டும், வந்தவரில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2012-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை ஒன்றால் உரிமை வழங்கல் பல ஆண்டுகள் தாமதமானது. தாளில் உள்ள உரிமை தானாக நடைமுறையாகிவிடாது என்பதற்கு அது சான்று. எனினும் அந்தச் சட்டத்தின் கொள்கை தெளிவானது. முடிவால் பாதிக்கப்படுபவர் முடிவெடுக்கும் அவையில் இருக்க வேண்டும்.

நிரல்மொழிச் சமூகத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. மலையின் ஊரில் யார் உறுப்பினர் என்பது தெரியும். பைத்தானின் பயனர் பட்டியல் எவரிடமும் இல்லை. பழங்குடி மக்கள் அந்த மண்ணை வாழ்வாதாரமாகக் கொண்டவர்கள். நிரலர் வேறு மொழிக்கு மாறலாம். தொகுப்பியின் உள்வேலைகளை எல்லோரும் கூடி வாக்களித்துத் தீர்மானிப்பதும் பொருந்தாது. கொள்கையின் சாரத்தைப் பொருத்தலாம். கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் பணிபுரிபவர்கள், பைத்தானைச் சார்ந்து நிற்கும் சிறு திட்டங்கள் ஆகியோருக்கு, பெரிய முடிவுகளுக்கு முன் கருத்துக் கேட்கப்படும் உரிமையும், காரணத்துடன் பதில் பெறும் உரிமையும் ஆட்சி விதியிலேயே எழுதப்படலாம். வாக்கு இல்லாத இடத்திலும் செவிமடுக்கும் கடமையை விதியாக்க முடியும்.

மதிப்பீடு

பைத்தானின் ஆட்சி விதி, தலைவர்களைக் கட்டுப்படுத்தும் ஆவணம் என்ற அளவில் வெற்றி பெற்றது. அது எழுதப்பட்ட பின் தலைமை பலமுறை கை மாறியிருக்கிறது. மொழி பிளவுபடவில்லை. ஒருவர் விலகியதால் சமூகம் தத்தளிக்கும் நிலையும் மீண்டும் வரவில்லை. பட்டக்காரர் முறையிலிருந்து அது தெளிவாக முன்னேறியிருக்கிறது.

ஆளப்படுபவருக்கு இடம் தரும் ஆவணம் என்ற அளவில் அது பாதி வழியிலேயே நிற்கிறது. ஒருவர் தயவில் இருந்தவர்கள் இப்போது ஐவர் தயவில் இருக்கின்றனர். அந்த ஐவர் பெரும்பாலும் நல்லவர்களாகவும் திறமையானவர்களாகவும் அமைவது, நல்ல பட்டக்காரர் வாய்ப்பதைப் போன்ற நற்பேறுதான். 2007-இல் தமிழ் எழுத்துக்கு இடம் கிடைத்ததும் அத்தகைய நற்பேற்றால்தான். அடுத்த முறை ஒரு தமிழ் மாணவர் மொழியில் ஒன்றைக் கேட்கும்போது, முடியாது என்ற விடை வந்தாலும் அதற்கான காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையை எழுதித் தரும் சமூகமே தன்னைத் தானே ஆள்கிறது என்று முழுமையாகச் சொல்லிக்கொள்ள முடியும்.